புதுநன்மைக்கு வந்த பம்பை

பம்பை அடித்தால் முதலில் எங்கள் சமையலறையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள்தான் நடுங்கும். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் முனிசாமி மாமா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் தூக்கம் கெட்டவர்கள், பயந்துபோன பிள்ளைகள், வாய்விட்டு அழமுடியாத பெண்கள் என்று யாராவது அவர் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அம்மனை அழைத்து அடிப்பார். கிறிஸ்தவ வேதக்காரர்களான எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பேய்க்கொட்டு". "காதப் பொத்திக்கினு ஜெபம் சொல்லுடி" என்று அம்மா ஜன்னலைச் சாத்துவாள்.

ஜெபம்தான் எனக்கு வராதே. எனக்குத் திக்குவாய். ஒரு செவ்வாய்க்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டு நடந்துகொண்டிருக்கும்போது, அடிக்கு ஒரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். முழு ஜெபமும் தடையில்லாமல் வந்தது. கொட்டு நின்றதும் நாக்கும் நின்றது. அன்றிலிருந்து தொடையில் தட்டிக்கொண்டே பேசினேன்; யாரும் சொல்லித் தரவில்லை.

சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசையில் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லவேண்டும். ஒத்திகையில் ஞானோபதேச டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கைய கூப்பிக்கிட்டு சொல்லு. இல்லன்னா வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்." கூப்பிய கையால் எப்படித் தட்டுவது? ஆனால் அத்தனை பிள்ளைகள் நடுவில் நான் மட்டும் ஊமையாக நிற்க எனக்குச் சம்மதமில்லை.

பூசையன்று வெள்ளை கவுனில், கைகூப்பி, பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த பலகை மேடையில் ஏறி நின்றேன். "நோ... நோ..." அதற்குமேல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! புது ஷூவின் குதிகாலைத் தூக்கிப் பலகையில் அடித்தேன். டண்டக்கு, டண்டக்கு. கோயில் முழுக்க அதிர்ந்தது. "நோயாளிகள் எல்லாரும் சுகமடைய உம்மை மன்றாடுகிறோம்" என்று ஓர் எழுத்தும் தடுக்காமல் சொல்லி முடித்தேன்.

"கோயிலுக்குள்ளயே பேய்க்கொட்டு கொட்டிட்டியேடி, மானம் போச்சு" என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். நான் தொடையில் தட்டியபடியே, "பேய்க்கொட்டு இல்லம்மா, என் கொட்டு" என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஜன்னலைச் சாத்த எழுந்தவள், சாத்தாமலே திரும்பிப்போய் அரிசி களைந்தாள்.

இன்று அந்தச் சுவர் இல்லை. இரண்டு வீடுகளையும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மாமா குடும்பம் ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போய்விட்டது. அந்தக் கொட்டுக்கு அம்மன் வந்தாளா, யாருக்காவது நோய் தீர்ந்ததா என்று கேலியாகக் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. என் நாக்கு அவிழ்ந்தது தெரியும், அது போதும்.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில், மேசைக்கு அடியில் காலைத் தட்டியபடி பேசிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மேனேஜர், "மேடம், அந்தத் தட்டுறத நிறுத்திட்டுப் பேசுங்களேன், டிஸ்டர்பா இருக்கு" என்றார். காலை நிறுத்தினேன். கையை மேசைமேல் எடுத்து வைத்து, எல்லோரும் பார்க்க இன்னும் பலமாகத் தட்டி, மிச்சத்தையும் பேசி முடித்தேன்.