ஐந்தாவது டப்பா

மில்லின் துணிக்குழாய் வழியே சுடச்சுட இறங்கும் அரிசி மாவின் மணம் இன்றும் என் மூக்கில் நிற்கிறது. கீழே பிடித்த தகர டப்பா கையைச் சுடும். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த மாவு மில் வரும்வரை அவரவர் அரிசி அவரவர் உரலில் இடிபட்டது. கோயில் தெரு மாவும் எங்கள் காலனி மாவும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. மில் வந்த பிறகுதான் எல்லா டப்பாக்களும் ஒரே "லைனில்" உட்கார்ந்தன.

ஆனால் எங்களுடையது மட்டும் முன்னால் நகராது. அம்மாவைக் கண்டதுமே மில்காரர், "ராகிதானே? ராகி கடைசியிலமா, அடுத்தவங்க மாவு கறுத்துப்பூடும்" என்று டப்பாவைக் காலால் தள்ளிவிடுவார். அரிசி கொண்டுபோனாலும் அதே பேச்சுதான். எங்கள் முறை வருவதற்குள் "கரண்டு" போய்விடும். அரைபடாத தானியத்தைச் சுமந்து திரும்பினால் அன்றிரவு கஞ்சிதான்.

கருட சேவைக்கு முந்தைய நாள். மறுநாள் வரும் சொந்தக்காரர்களுக்கு முறுக்கு சுட வேண்டும். எட்டு டப்பாக்களில் எங்களுடையது ஐந்தாவது. மில்காரரின் கால் நீண்டபோது அம்மா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

"கண்ணத் தொறந்து பாருபா, அரிசி. இதுவும் கறுக்குமா?"

அவர் அடுத்த டப்பாவுக்குச் சொந்தக்காரியான கோயில் தெரு மாமியைப் பார்த்தார். "இவங்க மாவு உங்குளுதுல ஒட்டிக்கினு வருமே, மாமி?"

மாமி எட்டி டப்பாவுக்குள் பார்த்தாள். "அரிசிதானே? ஒட்டிண்டா ஒட்டிக்கட்டும். கரண்டு போறதுக்குள்ள அவளோடதப் போடுப்பா, அடுத்தது என்னுது!"

அன்று எங்கள் அரிசி ஐந்தாவதாகவே அரைபட்டது. மாமி எங்களை நினைத்துச் சொன்னாளா, தன் முறுக்கை நினைத்துச் சொன்னாளா, எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மனசு மாறட்டும் என்று காத்திருந்தால் கஞ்சியே குடித்துக்கொண்டிருப்போம். முதலில் வரிசை மாறியது. மனசு பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. நாங்கள் இருக்கும் செவிலிமேட்டு வீட்டில் மருமகள் பாக்கெட் மாவு வாங்குகிறாள். யாருக்குப் பின் யாருடையது அரைபட்டது என்று கேட்க ஆளில்லை, எடை குறைகிறதென்று நான் மட்டும் புலம்புகிறேன். ரேஷன் கடைக்குப் போனால் முன்னால் நிற்பவர்களை எண்ணிவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பேன்.

"எத்தினி வாட்டி எண்ணுவீங்க மாமா? உங்கள யாரு தள்ளப் போறாங்க?" என்று மருமகள் சிரிக்கிறாள்.

யாரும் தள்ளுவதில்லை. ஆனாலும் எண்ணுகிறேன். ஐந்தாவது என்று வந்தால் அன்று முழுக்க எனக்கு நல்ல நாள்.