பேசாமல் ஏறிய பலகை

…அட, அதைத்தானே சொல்ல வந்தேன், கேளுங்கள். என் பிள்ளை நேற்று திருவொற்றியூர் ஃபாக்டரியிலிருந்து கையில் ஒரு நோட்டீஸோடு வந்தான். ஒரே சந்தோஷம் அவனுக்கு.

“வேலை நேரத்துல யாரும் பேசக் கூடாதாம்மா. பேச்சாலதான் ஆக்சிடென்ட் ஆவுதாம். இனிமே எங்க செக்ஷன்ல ஒரு வெரலு கூட போவாது, பாரு!”

நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை அவன் சட்டையில் தெறித்துவிட்டது. பாவம், துவைத்துப் போட்ட சட்டை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் ‘கீது’ என்றால் அவள் ‘இருக்கிறது’ என்று போடுகிறாள். போடட்டும். ஆனால் பேச்சைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த நோட்டீஸ் எழுதினவருக்குத் தெரியுமா?

வெள்ளைக்காரன் போன மறு வருஷம். ராயபுரத்திலிருந்து விடியலில் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஹார்பருக்குப் போவோம். நிலக்கரியைக் கூடையில் அள்ளி, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, கூட்ஸ் வண்டிக்குள் கொட்ட வேண்டும். ஏற ஒரு பலகை, பக்கத்திலேயே இறங்க ஒரு பலகை.

இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காலை வந்துவிடுகிறது… கரித்தூள் வெயிலில் பொன் மாதிரி மிதக்கும். தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் பெருமூச்சு விடும். பலகை லேசாக ஆடும் — தொட்டிலில் இருக்கிறோமா, வேலையில் இருக்கிறோமா என்றே தெரியாது. பாதித் தூக்கத்தில், ஒருத்தி பின்னால் ஒருத்தி, மேகத்துக்குள் ஏறுவது போல ஏறுவோம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் வாய் மட்டும் ஓயாது. பக்கத்து வீட்டுக் குப்புவும் நானும் அதில் ராணிகள்.

“எம் மாமியா வஞ்சிரம் மீனு தலைய பானைக்குள்ள ஒளிச்சி வெச்சிகினா குப்பு — மேல வழுக்குது, எடது காலை அழுத்தி வைமே — நான் வுடுவனா?”

கவனித்தீர்களா? மீன் தலைக்கு நடுவில் என்ன போகிறது என்று? தலையில் கூடை வைத்திருப்பவளுக்குத் தன் கால் தெரியாது. இறங்கி வருகிறவள்தான் அவளுக்குக் கண். யாருக்குத் தலை சுற்றுகிறது, எந்தப் பலகையில் ஆணி ஆடுகிறது — எல்லாம் மாமியார் கதையோடு கதையாகக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறும்.

ஒரு நாள் ஒரு கூடை சரிந்து, கீழே நின்ற கிளார்க்கின் கால் மேல் விழுந்தது. புதுசாக வந்த சூபர்வைசர் சின்னப் பையன். கெட்டவனில்லை, புத்தகம் படித்தவன். காரணம் கண்டுபிடித்துவிட்டான்.

“பேசிக்கிட்டே ஏறுறதாலதான் இப்படி ஆகுது. இனிமே யாராவது வாயைத் திறந்தா டோக்கன் கட்!”

டோக்கன் என்றால் பித்தளை வில்லை. அது இல்லாவிட்டால் கேட்டுக்குள் விட மாட்டார்கள். குப்பு மட்டும் கேட்டாள்: “மூச்சு வுடலாமா நைனா? இல்ல, அதுக்கும் கட்டா?”

ஒரு மாதம் ஹார்பரே கோயில் மாதிரி அமைதி. ஒரு சிராய்ப்பு இல்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் தூறல். கரியைக் கொட்டிவிட்டு இறங்கப் போகும்போது பார்க்கிறேன் — ஏறுகிற பலகையின் மேல்முனை வண்டி விளிம்பில் இரண்டு விரல் அகலம்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. குப்பு பாதி ஏறிவிட்டாள். கீழே சூபர்வைசர். வாயைத் திறந்தேன்… மூடிக்கொண்டேன். கண்ணால் சாடை காட்டினேன். தலையில் கூடை இருப்பவள் என் கண்ணைப் பார்ப்பாளா?

பலகை நழுவியது. குப்பு தண்டவாளத்தின் மேல் விழுந்தாள். தோள்பட்டை நொறுங்கிப் போனது.

அப்போதுகூட நாங்கள் யாரும் கத்தவில்லை, தெரியுமா? கத்தலாமா என்று சூபர்வைசர் முகத்தைப் பார்த்தோம்.

மறுநாள் பெரிய ஆபீஸர் விசாரிக்க வந்தார். சாட்சியாக என் கட்டை விரலில் மை தடவினார்கள். “இன்னா எழுதிகீது, படிச்சிக் காட்டு நைனா” என்றேன். சூபர்வைசர் படித்தான்: ‘கூலியாள் தன் கவனக்குறைவால் விழுந்தாள்.’

அது பதிந்தால் குப்புவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. வேலையும் கிடையாது. அவள் வீட்டில் அவளை நம்பி மூன்று வயிறு. பார்த்தும் பேசாமல் நின்றேன் என்று நான் சொன்னாலோ, என் டோக்கன் போகும்.

விரலைப் புடவையில் துடைத்தேன்.

“அவ மேல தப்பில்லீங்க. பலக நவுந்துகினு இருந்ததை நான் பாத்தேன். சொல்லல.”

“ஏன் சொல்லலை?” என்றார் ஆபீஸர்.

“பேசினா டோக்கன் கட்டுன்னாரு.”

அவர் சூபர்வைசரைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அப்படி என்னம்மா பேசுவீங்க?”

“வந்து கேளுங்களேன்!”

வந்தாரே மனுஷர்! கவிழ்த்த கூடை மேல் அரை நாள் உட்கார்ந்து, நாங்கள் பேசப் பேச எழுதினார். வழுக்குகிற இடம், ஆடுகிற ஆணி, ஜுரத்தோடு வந்தவள், எல்லாம். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “அந்த மீன் தலை… கிடைச்சுதா இல்லையா?”

‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்த காகிதம் கிழிக்கப்பட்டது. பலகைகளுக்கு இரும்புக் கொக்கி வந்தது. கூடை தூக்க முடியாத குப்புவுக்குப் புது வேலை — பலகை அடியில் நின்று, மேலே பார்த்து, கத்துவது. பேசுவதற்கே ஒருத்திக்கு வேலை! பூரித்துப் போனோம். சத்தம் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று ஆபீஸ்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து எங்கே போகும்? சொல்ல வந்தவளின் தொண்டையில்தான் உட்கார்ந்திருக்கும்.

நேற்று இதை அவனிடம் சொல்லி முடித்ததும் என் பிள்ளை நோட்டீஸை மடித்தான்.

“பெரிய மெஷின் பெல்ட்டு மூணு நாளா பிரிஞ்சிகினு கீதும்மா. எல்லாரும் பாத்துகினுதான் கீறோம்… யாரும் சொல்லல.”

இன்று காலை ஷிப்டுக்கு அரை மணி முன்னாலேயே கிளம்பிவிட்டான். சோறுகூடக் கட்டிக்கொள்ளவில்லை.

இருங்கள், வெளியே சத்தம்… “யக்கோவ்! கொயாயில தண்ணி வந்துச்சி, வா!” குப்புதான். அவள் குடத்தையும் நான்தான் தூக்க வேண்டும். நான் வாயை மூடிய அந்த நாளிலிருந்து அப்படித்தான்.