முகம் காட்டினால்தான் மருந்து

போனில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு நாடி பிடிக்கக் கை கிடைக்காது. திட்டு வாங்கக் காது மட்டும் உண்டு. வீடியோவில் நோயாளிக்குப் பதில் மின்விசிறியையே பார்த்துப் பழகிய சக டாக்டர்களே, என் கதையைக் கேளுங்கள்.

மனைவி மூலம் வயிறு

கரையான்சாவடியிலிருந்து சாந்தி கூப்பிட்டாள். லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவர் முருகேசனுக்கு நெஞ்செரிச்சலாம். ஆள் பட்டறையில், மருந்து மட்டும் வீட்டுக்கு வேண்டும். நோயாளியே பேச வேண்டும், பெயர், வயது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது விதி என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"இத்தினி வர்சமா ஆக்கிப் போடறேன், அவரு வவுத்தப் பத்தி அவர வுட எனக்குத்தான் தெரியும்!"

தூக்கம் வேண்டுமாம்

மறுநாள் முருகேசனே போனில் வந்தார். நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தேன். அதோடு விடவில்லை, யாரோ சொன்ன ஒரு தூக்க மாத்திரையும் வேண்டும் என்றார். அது போனில் எழுதவே கூடாத பட்டியலில் இருக்கிறது, நேரில் வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

"நேர்ல வந்தாலும் நான் அதே ஆளுதானே மேடம்? நடுவுல இந்த போன் இன்னா பண்ணுச்சி?"

போனை வைத்ததும் விதிப் புத்தகத்தைப் புரட்டி அதற்குப் பதில் தேடினேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மறுபடியும் கேஸ்

அடுத்த வாரம் ஒரு மதியம் மீண்டும் சாந்தி. சாப்பிட வந்தவருக்கு நெஞ்சில் கேஸ் அடைத்துக்கொண்டதாம், பழைய மாத்திரையையே எழுதச் சொன்னாள். "முகம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனைத் திருப்பினாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. மனிதருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. தாடை வரை வலிக்கிறது என்றார். இது கேஸ் இல்லை, இதயமாக இருக்கலாம், அவரை நடக்க விடாமல் உடனே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று கத்தியே விட்டேன்.

"ஒரு கேஸ் மாத்திரைக்கு ஆஸ்பத்திரியா? போன்ல வைத்தியம் பாக்கத் தெரிலன்னா வுட்டுடுங்க மேடம்!"

கட்டிலிலிருந்து

திட்டினாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மாரடைப்பு, ரத்தக் குழாய் அடைப்பை நேரத்தோடு எடுத்துவிட்டார்களாம். எனக்கு அந்தச் சேதி வரும்வரை சோறு இறங்கவில்லை. சில நாள் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்க முருகேசனின் முகம், காது, மூக்குத் துவாரம் எல்லாம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சாந்தியின் குரல் கேட்டது.

"பேரு முருகேசன், வயசு அம்பத்திரெண்டு, ஆளு உசுரோட கீறாரு, நல்லா பாத்துக்கோங்க மேடம்!"

அன்று முதல் யார் திட்டினாலும் நான் சட்டம் பேசுவதில்லை, போனைக் கொஞ்சம் திருப்பச் சொல்வதோடு சரி.