கதவுக்கு வெளியே நின்று ஸ்பீக்கர் கேட்பது

1. மூக்கடைத்த பெட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராணிப்பேட்டை எஸ்டேட்டில் ஸ்பீக்கர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். சுற்றிலும் தோல் ஷெட்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் பாட்டுச் சத்தம். முதல் நாளே, பக்கத்து டெஸ்ட் ரூமில் ஓடிக்கொண்டிருந்த ஜோடிப் பெட்டிகளைப் பற்றி, யாரும் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டேன்.

"ரெண்டுல ஒண்ணு மூக்கடைச்ச மாதிரி பேசுது சார்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, இதுல உனக்கு இன்னா தெரியும்?"

"சர்ச் கொயர்ல பாடறேன் சார். யாருக்கு ஜலதோஷம்னு கேட்டாலே தெரியும்."

பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர் அன்வர். ஆம்பூர்க்காரர், எங்கள் சவுண்ட் இன்ஜினியர். உள்ளே மெல்லிய, கூர்மையான சத்தங்களைத் தரும் ட்வீட்டரின் ஒயர் விட்டிருந்தது. "மேடம் சொன்னது கரெக்ட் சார். ட்ரெபிள் கம்மியா இல்ல, இல்லவே இல்ல" என்றார். அடுத்த மாதம் டைப்ரைட்டர் வேறு ஆளுக்குப் போனது. நான் டெஸ்ட் ரூமுக்குப் போனேன்.

2. பஸ் ஸ்டாப் கேசட்

பாட்டை வைத்து ஸ்பீக்கரைச் சோதித்தால் பாட்டு நம்மை ஏமாற்றிவிடும். நன்றாகத் தெரிந்த ஒரு ஆளின் பேச்சை வைக்க வேண்டும். அதையும் சுவரே இல்லாத இடத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த அறையின் எதிரொலியும் கூடவே வந்து குழப்பும். அதனால் ஒரு நாள் கம்பெனி வேனில் ஏலகிரிக்குப் போனோம். திறந்த மைதானத்தில் அன்வர் மைக் முன்னால் உட்கார்ந்தார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரெக்கார்டரிடம் உட்கார்ந்தேன்.

"இன்னாத்த மேடம் பேசறது?"

"தினம் போற பஸ்ஸ சொல்லுங்க சார்."

ராணிப்பேட்டை, ஆற்காடு என்று ஆரம்பித்து, சத்துவாச்சாரி, வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் வரை நிதானமாகச் சொன்னார். காற்று அடித்த போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. அன்று இரண்டு மணி நேரம் அவர் குரல் என் இரண்டு காதுகளுக்கு நடுவிலேயே இருந்தது.

அந்தக் கேசட்தான் எங்கள் தராசு. 'சத்துவாச்சாரி' சீறினால் ட்ரெபிள் ஜாஸ்தி. 'ஆம்பூர்' சொல்லி முடித்த பிறகும் அறையில் சுற்றிக்கொண்டே இருந்தால், மூலையில் பாஸ், அதாவது அடிச்சத்தம், தேங்குகிறது; பெட்டியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி இழு. என் வீடு சத்துவாச்சாரி. தினமும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம்; நான் முதலில் இறங்கிவிடுவேன், அவர் ஆம்பூர் வரை போவார். கேசட்டிலும் அப்படித்தான்.

ஹைஃபை ஷோக்கள் என்ற ஸ்பீக்கர் கண்காட்சிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர் ஹோட்டல்களில். கட்டிலை வெளியேற்றிவிட்டு ரூமுக்கு ஒரு கம்பெனி கடை போடும். வந்தவர்கள் எல்லோரும் நடு நாற்காலிக்கு ஓடுவார்கள். நெஞ்சில் குத்தினால்தான் நல்ல ஸ்பீக்கர் என்று நம்பும் கூட்டம். நான் முதலில் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளே ஒரு ஆள் இருப்பதுபோலக் கேட்டால் அது ஸ்பீக்கர். பெட்டி பேசுவதுபோலக் கேட்டால் அது வெறும் பெட்டி. அன்வர் உள்ளே எதிரொலி குறைய ஜன்னல் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, "இப்ப எப்டி மேடம்?" என்று கத்துவார். நான் வெளியிலிருந்து பதில் சொல்வேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னை. இரண்டு வீட்டிலும் நடக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் இருவருமே வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் குறையைக் கூசாமல் சொன்ன வாய்க்கு இது வரவில்லை. அவர் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று, என் ஸ்டாப்பில் நான் இறங்கும்போது, "ரூம பாத்துக்குங்க மேடம்" என்றார். "சரி சார்" என்றேன். அவ்வளவுதான். சில மாதம் கழித்து அந்தக் கேசட்டையும் டெக் தின்றுவிட்டது. அன்று மட்டும் டெஸ்ட் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

3. மார்க் போடாத ரூம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியை மூடினார்கள். எனக்கும் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் காதுக்கு இருந்த பெயரால் சென்னையில் ஒரு ஷோவுக்கு மூன்று நடுவர்களில் ஒருத்தியாகக் கூப்பிட்டார்கள். ரூமுக்கு இருபது மார்க்.

நான்காவது ரூம் கதவுக்கு வெளியே, வழக்கம்போல நின்றேன். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார். ஆம்பூர், மாதனூர் என்றார். கேசட்தான் செத்துவிட்டதே, ஆகவே ஆள்தான் வந்திருக்கிறார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.

"எப்ப வந்தீங்க சார்?"

இரண்டு பெட்டிகள் இருந்தன. ஸ்டால்காரர் திகைத்து எழுந்தார். "யார கேக்கறீங்க மேடம்? இது சிடி. ஷார்ஜால என் கூட வேலை பாத்த ஆம்பூர் பாய் பாலைவனத்துல போய் ரெக்கார்ட் பண்ணது. டெஸ்ட்டுக்கு இதான் பெஸ்ட்னு குடுத்தார்."

குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை பஸ் அவர் ஊரில் கிளம்பி என் ஊர்ப் பக்கம் வந்தது. பள்ளிகொண்டா. வேலூர். சத்துவாச்சாரி. கொஞ்சம் மூச்சு விட்டு, "எறங்கியாச்சு" என்றார். அதற்குமேல் சிடியில் ஒன்றும் இல்லை.

அந்த ரூமுக்கு நான் மார்க் போடவில்லை. மற்ற இரண்டு நடுவர்களும், பாஸ் தேங்குகிறது என்று பன்னிரண்டு போட்டார்கள். சரியாகத்தான் இருக்கும், எனக்குக் கேட்கவில்லை. நடுவராக உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரிந்த குரலை வைத்துச் சோதியுங்கள், ஆனால் ஏங்குகிற குரலை வைக்காதீர்கள். காது வேலை செய்யாது. அப்படி ஒரு குரல் வந்துவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள்.

"அவர் நம்பர் இருக்கு மேடம், தரட்டா?" என்றார் ஸ்டால்காரர்.

"வேணாங்க. கடைசி ரெண்டு ஸ்டாப் மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க."

நடு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. மறுபடியும் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.