நுளம்பு வலை

வருடா வருடம் பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கற்பிட்டிப் பக்கம் கடல்நீர் தேங்கும் களப்புக் கரைக்குக் களப்பயிற்சிக்குக் கூட்டிப் போவோம். அவர்கள் தண்ணீரில் இறங்கிக் கடற்புல்லை ஆராய்வார்கள். ஆராய்ந்ததைச் சனத்துக்கு விளங்கச் சொல்லப் பழக்குவது என் வேலை. கடைசி நாள், மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் மீன்வாடியில் அவர்கள் முன்னால் பரீட்சை. கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் பேசியவருக்குத் தேர்ச்சி. இந்த விதியை வகுத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இம்முறை ஓர் இளம் விரிவுரையாளரையும் என்னோடு அனுப்பினார்கள். ஆளுக்கொரு குழு. அடுத்த வருடம் இந்தப் பயிற்சிக்கு எங்களில் ஒருவருக்குத்தான் இடம் என்று எங்கள் தொடர்பாடல் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். நான் என் குழுவை வரிக்கு வரி பழக்கினேன். அந்த இளம் விரிவுரையாளரோ தன் குழுவை வாடிப் பெண்களோடு இறால் உரிக்க உட்கார வைத்தார். ஒரே கதை, ஒரே சிரிப்பு. "மிஸ், மிஸ்" என்று பிள்ளைகள் அவர் பின்னாலேயே திரிந்தார்கள். என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். மரியாதைதான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கூடினார்கள். என் மாணவி, இறால் குஞ்சுகளின் வளர்ச்சிக்குக் கடற்புல் இன்றியமையாதது என்று பிசகில்லாமல் பேசினாள். முன்னால் இருந்த, வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் விளங்கியதா என்று கேட்டேன்.

"ஓம் சேர். புல்லு நல்லதாம். பாதுகாக்கணுமாம்."

அடுத்து இளம் விரிவுரையாளரின் மாணவன் எழுந்தான். "நம்மட புள்ளைகள நுளம்பு கடிக்காம இருக்க நுளம்பு வலைக்குள்ளதானே படுக்க வைக்கிறோம்? இறால் குஞ்சுக்கு இந்தப் புல்லுதான் நுளம்பு வலை. பெரிய மீன் உள்ளுக்குப் போக ஏலா."

நான் வாய் திறக்குமுன் சம்மாட்டி பக்கத்திலிருந்த மூத்தவரிடம் திரும்பினார். "கேட்டீங்களா காக்கா? இழுவை வலை போட்டு, தூங்குற புள்ளட நுளம்பு வலையத்தான் நாம கிழிச்சிருக்கோம்!" பின்னாலிருந்த பெண்களும் அதையே சொல்லிக்கொண்டார்கள். கடற்புல்லுக்கு வேறு பயன்களும் உண்டு என்று எழுந்து திருத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

திரும்பும் வழியில், மதுரங்குளியில் தேநீருக்கு நிறுத்தியபோது துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். பரீட்சையை அவருக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"எனக்குக் கடல் விஷயம் ஒன்றும் தெரியாது. அந்தப் புல்லால அப்படி என்னதான் பிரயோசனம்?" என்று கேட்டார்.

"இறால் குஞ்சுக்கு அது நுளம்பு வலை மாதிரி, சேர். பெரிய மீன் உள்ளுக்குப் போக ஏலாது," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அருமை! இது எந்தக் குழு சொன்னது?"

பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இளம் விரிவுரையாளரும் பிள்ளைகளும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய பெயரைச் சொன்னேன்.