மாப்பிள்ளைக் காரின் பிரேக்

அந்தக் காரின் பிரேக்கில் தப்பான எண்ணெயை ஊற்றியவன் நான். அதனால் கெட்ட பெயர் சுமந்தவர் எங்கள் டிரைவர். இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சாயப்பட்டறை நன்றாக ஓடிய காலத்தில் அப்பா வாங்கிய சீமைக் கார் அது. கூரை கிடையாது. மழைக்கு இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணியும், அதைத் தாங்க மடிக்கிற இரும்புச் சட்டமும் உண்டு. மதுரை வெயிலில் அந்தக் காரில் ஏறி யார் ஊர் சுற்றுவார்கள்? ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைவிடத் தோதான வண்டி இல்லை. பின்சீட்டின் முதுகில் மாலையோடு மாப்பிள்ளையை உட்கார வைத்தால் தெரு முழுக்கத் தெரியும். அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் நானும் அதைக் கல்யாண வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வருகிறவர்கள் மீட்டரைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இத்தனை வயதான வண்டி இவ்வளவு குறைவாகவா ஓடியிருக்கிறது, அப்படியென்றால் புதுசு மாதிரிதானே என்பார்கள். நானும் அந்த முட்டாள்தனத்தை நம்பினேன். நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் கியரில், பாதி கிளட்சில், நடக்கிறவன் வேகத்தில் போகிற வண்டி அது. ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு ஆரத்திக்கும் நிற்கும். எஞ்சின் மணிக்கணக்காக ஓடும், மீட்டர் நகராது. மற்ற நாட்களில் ஷெட்டில் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதுதான் வண்டியைக் கொல்கிறது. தேயாமலே டயர் வெடித்தது. பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைத்தது. கான்வாஸை எலி கடித்து, திருப்பரங்குன்றத்தில் பந்தல் துணி தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டோம். பிரேக் சிலிண்டர்களில் துரு ஏறி, எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லுங்கியைக் கட்டிக்கொண்டு அதன் அடியில் படுத்துக்கிடப்பேன். கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறவன் நான். என் கை படாமல் அந்த வண்டி கிளம்பாது என்று ஒரு கொழுப்பு எனக்கு இருந்தது.

டிரைவர் நாகமலைக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துக்காரர். பத்து வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் இருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர் என்பதால் நான் அவரை நீ, வா என்றுதான் பேசினேன். அவருக்குக் கைராசி உண்டு என்று ஊரில் பேச்சு. அவர் ஓட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்கிய மாப்பிள்ளைக்கு அடுத்த வருடமே தொட்டில் ஆடும் என்பார்கள். கல்யாண வீட்டார் காரைக் கேட்டு வருவதற்கு முன்னால், "அந்த அண்ணன்தான ஓட்டுவாரு?" என்று கேட்டுக்கொள்வார்கள். உண்மையில் வாடகைக்குப் போனது எங்கள் கார் இல்லை, அவர் கை. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஆயில் டப்பியைத் திறந்தேன். எண்ணெய் அடியில் கிடந்தது. மிச்சம் வைத்திருந்த டின்னும் காலி. ஆரப்பாளையம் பக்கம் போனால் எங்காவது ஒரு கடை திறந்திருக்கும். போகச் சோம்பல். ஷெட் மூலையில் இருந்த கியர் எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி அளவைச் சரிக்கட்டிவிட்டேன்.

அந்தக் காலத்துப் பிரேக்கின் உள்ளே இருப்பது ரப்பர் கிண்ணங்கள். கியர் எண்ணெய் மாதிரிப் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும்; முதலில் பிரேக் பிடித்தபடியே நிற்கும், போகப்போகப் பிடிக்காமலே போகும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு வருடா வருடம் பையன்களுக்கு நடத்தியவன் நான். கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று என் கை டப்பியை மூடியது. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் வந்தார். மறுநாள் விளாங்குடியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு.

"சார், வண்டி உருள மாட்டேங்குது. பிரேக் தானாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. டிரம்மத் தொட்டா சுடுது. ஆயில் ஏதும் மாத்துனீங்களா?"

"அதே ஆயில்தான்," என்றேன்.

"நெசமாவா சார்?"

"எனக்குத் தெரியாதா? பிரேக் ஷூ இறுக்கமா இருக்கும். நாலு வீல்லயும் தளர்த்து விடு."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். நான் சொன்னபடியே தளர்த்தினார். பிரேக் விட்டது. வண்டி உருண்டது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று காபி குடிக்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளையை ஏற்றியாயிற்று. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கண்மாய்க் கரை மேட்டுக்கு வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி, கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"பெடல் கீழ போகுது சார். ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது. முன்னால எறக்கம் இருக்கு. மாப்பிள்ளைய எறக்கி நடக்க விடுவோம்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் காதில் அது விழுந்துவிட்டது. "ஏறுன மாப்பிள்ள மண்டபத்துக்கு முன்னாடி தரையில கால் வைக்கலாமா? என்ன பேச்சுப் பேசுற நீயி?"

அது அவர்கள் வழக்கம். நடுவழியில் மாப்பிள்ளை இறங்கினால் ஆகாது. ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறக்கியிருப்பார்கள். வாத்தியார் பேச்சுக்கு அங்கே மரியாதை இருந்தது. நான் டிரைவரிடம் சொன்னது, "மெதுவா ஓட்டு, ஒண்ணும் ஆகாது."

இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக் கேபிள் எப்போதோ துருவேறி இற்றுப்போயிருந்தது. முன்னால் தவில்காரர்கள், டியூப் லைட் தூக்கினவர்கள், கோலாட்டம் ஆடிய பிள்ளைகள். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு வீட்டுச் சுவரில் முட்டி நிறுத்தினார். அப்படியும் ஒரு தவில்காரர் கால் சக்கரத்தில் மாட்டி எலும்பு முறிந்தது. மாப்பிள்ளை முன்னால் விழுந்து முன்பல் ஒன்று போனது. பட்டுச் சட்டையெல்லாம் ரத்தம்.

தாய்மாமன் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தார். "நல்ல நாளும் பொழுதுமா ஊத்திக்கிட்டு வந்திருக்கியாடா?"

டிரைவர் குடிப்பதில்லை. அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டாண்டைப் போட எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் அண்ணன் எங்கள் வீட்டுப் பாஷையில், சௌராஷ்டிரத்தில், என்னிடம் கேட்டார். என்னடா பண்ணினாய் வண்டியை? நானும் அதே பாஷையில் சொன்னேன், கியர் எண்ணெய் ஊற்றினேன் என்று. அண்ணன் குரல் மாறவே இல்லை. இதை வெளியில் விடாதே, அவன் லைசென்ஸ் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும், நம் பெயர் போனால் வராது என்றார். சரி என்றேன்.

டிரைவர் எங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பாஷை அவருக்கு அத்துப்படி. சமையல்கார அம்மாளோடு அந்தப் பாஷையில் சண்டை போடுவார், என் மகனுக்கு அதிலேயே கதை சொல்வார். நாங்கள் மறந்துவிட்டோம் என்று எழுதினால் பொய். மறக்கவில்லை. எங்கள் பாஷையில் பேசினால் அவர் கேட்காதவர் மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஏற்பாடு. அவர் அன்றும் அதன்படியே நடந்தார். உள்ளே போய், கவனக்குறைவாக ஓட்டினேன் என்று எழுதியிருந்ததில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு நானே பிரேக்கைக் கழற்றினேன். ரப்பர் கிண்ணங்கள் ஊறப்போட்ட மொச்சை மாதிரி உப்பிக் கிடந்தன. சாக்கடையில் எறிந்தேன்.

லைசென்ஸ் திரும்பி வந்தது. ராசி வரவில்லை. ரத்தம் பார்த்த கை என்று ஆகிவிட்டது. எங்கள் வேலையை விட்டு, வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டப் போனார். அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வண்டிப் பக்கம் வர வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் எனக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் வகுப்புக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நம் காரிலேயே அழைப்பு வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நாகமலைப் பக்கம் பஸ் ஏறினேன்.

டிரைவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார். என்ன இம்புட்டுத் தூரம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெடலைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமே சார்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்ப என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

கதவருகில் நின்ற அவர் மனைவி, "சார் மனசு லேசாயிருச்சுல்ல, இனிமே காபி எறங்கும். போடவா?" என்றார்.

விளாங்குடிக்குப் போனேன். தாய்மாமன் நம்பவில்லை.

"ஏன் சார், அந்த ஆளு உங்களை ஏதும் மெரட்டுறானா?"

"இல்லைய்யா. ஊத்துனது நான். பொய் சொன்னது நான்." என் குரல் உயர்ந்துவிட்டது.

பல் போன மாப்பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கட்டிய பல் தெரியச் சிரித்தார். "மாமா, அன்னைக்கு அந்த அண்ணன அறைஞ்சீங்கள்ல. கணக்குக்குச் சாருக்கும் ஒண்ணு வைங்க."

"அட சும்மா இருப்பா. எண்ணெய யாரு ஊத்துனா என்ன? ஸ்டியரிங்கப் பிடிச்ச கை அவன் கைதான? ராசி போனது போனதுதான்."

வாயால் சொல்வதில் ஒன்றும் ஆகாது என்று அப்போது புரிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையை அவர் ஓட்டும் வண்டியில் ஏற்ற வேண்டும். வீட்டில் சொன்னதும் அண்ணன் கொதித்தார். உன் பாவத்தைக் கழுவ இந்த வீட்டு மாப்பிள்ளைதான் கிடைத்தானா என்றார். மனைவி அழுதாள். மகன் மட்டும், "மாமா ஓட்டினா ஏறுறேன்," என்றான். டிரைவரை அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவான்.

அவன் போய்க் கேட்டதால்தான் டிரைவர் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை. பிரேக் முழுவதையும் அவரே கழற்றி மாட்டுவார். குழாய், கிண்ணம், கேபிள், எல்லாம் புதுசு. நான் எண்ணெய் டின்னை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"நீங்க தள்ளி உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன்.

ஊர்வலம் ஒரு குறையும் இல்லாமல் மண்டபம் சேர்ந்தது. மேளம் நின்றதும் மைக்கை வாங்கி, வந்திருந்த எல்லோரும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். எங்கள் பாஷையில் சொல்லவில்லை. டிரைவர் பக்கத்து ஜனங்களும் பந்தியில் இருந்தார்கள். விளாங்குடித் தாய்மாமனையும் வலிய அழைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினார். கடைசிவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சம்பந்தி வீட்டார், நல்ல நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

டிரைவர் சாப்பிட்டுக் கை கழுவி, கார்ச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். காரையே வைத்துக்கொள்ளச் சொல்லி நான் பின்னால் ஓடினேன்.

"அந்த வண்டியக் கட்டி மேய்க்க என்னால ஆகாது சார். உங்க வீட்டுத் தொல்ல உங்க வீட்டுலயே கெடக்கட்டும். அன்னைக்கு அந்த மேட்டுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்புட்டும் மிஞ்சியிருக்கும். தவில்காரர் காலும் சேத்து."

அந்த ஆவணியில் அவர் தங்கை மகன் கல்யாணத்துக்கு அந்த வீட்டார் அவரையே ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மகனிடம் சொல்லிக் காரை வாங்கிப் போனார். மறுநாள் கழுவித் துடைத்து, கான்வாஸை மடித்து வைத்து, நான் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து விட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வீடுகளில் அவரைக் கேட்டார்கள் என்று மகன் சொன்னான். பழையபடி இல்லை. ஆனால் கேட்டார்கள்.

சந்தோஷத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, "அவுக இல்ல சார், வெளிய போயிருக்காக," என்றார். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.