சாய்ந்து நின்ற குண்டுகள்

தொண்ணூறுகளில் பலேர்மோவில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு கிழவர் வீட்டில் வேலை செய்தேன். அவர் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே செய்வார். அவருடைய கை நடுக்கத்தில் குண்டு பித்தளைக் கோதின் வாயில் சாய்ந்துவிடும். அதனால் நான் நேராக வைத்துக் கொடுப்பேன், அவர் குண்டைக் கோதுக்குள் இறக்கும் பொறியின் கைப்பிடியை அழுத்துவார். "பிராவா!" என்று பாராட்டுவார். எனக்கும் பெருமைதான்.

ஒரு ஞாயிறு கொழும்பிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, தம்பியைச் சுட்டுப்போட்டாங்கள்."

அழுவதற்குத் தனி அறை இல்லாததால் மறுநாளும் வேலைக்குப் போனேன். அன்று நான் வைத்த குண்டுகளெல்லாம் சாய்ந்து, ஈயம் சீவுப்பட்டு நசுங்கின. கிழவர் கோதுகளின் வாய் போதுமான அளவு விரிந்திருக்கிறதா என்று பார்த்தார். பொறியின் அச்சைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். மறுபடியும் சாய்ந்தது. கடைசியில்தான் என் விரல்களைக் கவனித்தார்.

"என்ன நடந்தது?"

"என்ரை தம்பி..." என்று தமிழிலேயே தொடங்கிவிட்டேன். பிறகு தம்பிக்கான இத்தாலியச் சொல்லை, "ஃப்ரத்தெல்லோ" என்று மட்டும் சொல்லி, குண்டைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டேன்.

அவர் வேலை மேசை விளக்கை அணைத்துவிட்டு என் கைகளைப் பொத்திப் பிடித்தார். இருவர் கைகளும் நடுங்கின.

அதற்கு முன் எத்தனையோ குண்டுகளை நேராக வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது ஒருநாளும் என் கை நடுங்கியதில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் தாங்க முடிவதில்லை.